மாட் வீலுக்கு எந்த வளைவு?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: கேள்வி கேட்டவர் சிந்தசைசரின் மாடுலேஷன் சக்கரத்தை (மாட் வீல்: ஒலியை மாற்றக் கையால் தள்ளும் சக்கரம்) லோ-பாஸ் ஃபில்டரின் (உயர் அதிர்வெண்களை வெட்டும் வடிகட்டி) கட்-ஆஃபுக்கு, அதாவது வெட்டு தொடங்கும் அதிர்வெண்ணுக்கு, இணைத்திருக்கிறார். சக்கரத்தைக் கால் பங்கு தள்ளுவதற்குள் ஒலி முழுவதும் திறந்துவிடுகிறது. மீதி முக்கால் பங்கில் காதுக்கு எட்டும் மாற்றமே இல்லை. சக்கரத்தின் எந்த நிலைக்கு எவ்வளவு மாற்றம் என்று தீர்மானிப்பது வளைவு. நண்பர் ஒருவர் எக்ஸ்பொனென்ஷியல் வளைவு போடச் சொன்னாராம், இன்னொருவர் லாக் வளைவு என்றாராம். வெலாசிட்டிக்கும் (விசையைத் தட்டும் வேகம்) ஆஃப்டர்டச்சுக்கும் (தட்டிய பின் விசையை அழுத்தும் அழுத்தம்) அதே வளைவு பொருந்துமா என்றும் கேட்கிறார். கை நகரும் தூரமும் காது உணரும் மாற்றமும் ஏன் சேர்ந்து போகவில்லை, அந்தப் பிசகு எந்த இடத்தில் நுழைகிறது என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த இடம் தெரியாமல் வளைவு வரைந்தால், ஏற்கெனவே வளைந்திருக்கும் ஒன்றின் மேல் இன்னொரு வளைவைப் போட்டுவிடுவோம். ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும் மெல்லிசை மேடைகளுக்கும் சிந்தசைசர் ஒலிகள் அமைத்துத் தருவது என் தொழில். இந்தப் புகாரோடு வருபவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வளைவே தேவைப்படவில்லை, எல்லையைச் சரிசெய்ததும் தீர்ந்துவிட்டது என்பது என் அனுபவம்.

முதலில் ஐயமில்லாத பகுதி. சுருதியைக் காது விகிதமாகக் கேட்கிறது. 100 ஹெர்ட்ஸிலிருந்து 200-க்குப் போவதும் 5000-லிருந்து 10000-க்குப் போவதும் நமக்கு ஒரே தூரம், ஒரு ஸ்தாயி. ஃபில்டரின் கட்-ஆஃபும் அப்படியே. 20 முதல் 20000 ஹெர்ட்ஸ் வரையிலான எல்லை ஏறக்குறைய பத்து ஸ்தாயி. இதைச் சக்கரத்தின் மீது ஹெர்ட்ஸ் கணக்கில் சமமாகப் பரப்பினால், கால் பங்கு தள்ளியவுடன் கட்-ஆஃப் 5015 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். அதாவது பத்தில் எட்டு ஸ்தாயிகள் கால் பங்குக்குள் முடிந்துவிட்டன, கடைசி இரண்டு ஸ்தாயிகள் மீதி முக்கால் பங்கில் நீட்டிப் பரப்பப்பட்டிருக்கின்றன. கேட்டவர் சொல்லும் நோய்க்குறி இதோடு அப்படியே பொருந்துகிறது. ஸ்தாயிக் கணக்கில் சமமாகப் பரப்பியிருந்தால் சக்கரத்தின் நடுப்புள்ளி 632 ஹெர்ட்ஸில் விழுந்திருக்கும். ஹெர்ட்ஸ் கணக்கில் அதே நடுப்புள்ளி 10010.

ஆனால் அதே நோய்க்குறி வேறொரு காரணத்தாலும் வரும். இன்றைய சிந்தசைசர்களில் பெரும்பாலானவை கட்-ஆஃபை ஸ்தாயிக் கணக்கில்தான் கையாளுகின்றன. ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்று மூக் நிறுவிய மரபு அனலாக் உலகில் வேரூன்றியது, மென்பொருள்களும் பெரும்பாலும் அதையே பின்பற்றின. (கோர்க் எம்எஸ்-20 போல வோல்ட்டுக்கு இத்தனை ஹெர்ட்ஸ் என்ற முறையில் சுருதியைக் கட்டுப்படுத்திய கருவிகளும் உண்டு.) ஸ்தாயிக் கணக்கில் இயங்கும் ஃபில்டரில் மாடுலேஷன் அளவை (சக்கரம் கட்-ஆஃபை எவ்வளவு தூரம் நகர்த்தும் என்பதை) மிகுதியாக வைத்தால், சக்கரம் கொஞ்சம் நகர்ந்ததுமே கட்-ஆஃப் கூரையை முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் தள்ளுவதெல்லாம் வீண். இரண்டு காரணங்களுக்கும் மருந்து வேறு வேறு. ஆகவே உங்களிடம் இருப்பது எது என்று முதலில் சோதித்துவிடுங்கள்.

சோதனை எளிது. ஒலியளவை நன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள், ஹெட்ஃபோனைக் கழற்றிவிடுங்கள். ஃபில்டரின் ரெசொனன்ஸை (கட்-ஆஃப் அருகே உள்ள ஒலியைத் தூக்கிக் காட்டும் அமைப்பு) அது தானாகவே விசில் அடிக்கும் வரை ஏற்றுங்கள். விசிலடிக்காத ஃபில்டராக இருந்தால், கூர்மையான முனகல் கேட்கும் வரை ஏற்றினால் போதும். மாடுலேஷன் அளவைச் சிறிதாக வைத்துக்கொண்டு சக்கரத்தை ஒரே சீராகத் தள்ளுங்கள். விசிலின் சுருதி சம இடைவெளிகளில் ஏறினால், அதாவது சக்கரத்தின் ஒவ்வொரு சம தூரத்துக்கும் சம எண்ணிக்கையில் ஸ்வரங்கள் கடந்தால், ஃபில்டர் ஸ்தாயிக் கணக்கில் இயங்குகிறது. தொடக்கத்தில் பாய்ந்து ஏறிப் பிறகு தள்ளாடி நகர்ந்தால் அது ஹெர்ட்ஸ் கணக்கு. மீட்டரும் வேண்டாம், வரைபடமும் வேண்டாம். சரளி வரிசை பாடிய காது இந்த வேறுபாட்டை ஒரே முயற்சியில் சொல்லிவிடும்.

ஹெர்ட்ஸ் கணக்கு என்று தெரிந்தால், வளைவு தேவைதான். அதன் வடிவம் ரசனையைப் பொறுத்ததும் அன்று, கணிதம் அதைத் தீர்மானித்துவிட்டது. கீழெல்லையை எடுத்துக்கொண்டு, மேலெல்லைக்கும் கீழெல்லைக்கும் உள்ள விகிதத்தைச் சக்கரத்தின் நிலைக்கு (சுழியம் முதல் ஒன்று வரை) அடுக்காக உயர்த்திப் பெருக்க வேண்டும். 150 முதல் 6000 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் விகிதம் 40. பாதிச் சக்கரத்தில் 40-இன் வர்க்கமூலம் சுமார் 6.3, அதை 150-ஆல் பெருக்கினால் 949 ஹெர்ட்ஸ். ப்யூர் டேட்டா போன்ற இசை நிரலாக்கச் சூழலில் நீங்களே கட்டும் கருவிகளில்தான் இந்தச் சிக்கலை அதிகம் பார்க்கிறேன். அங்கே ஃபில்டர்கள் ஹெர்ட்ஸ் எண்ணையே எதிர்பார்க்கின்றன. சக்கரத்தின் எண்ணை முதலில் மிடி (மின்னணு இசைக்கருவிகள் தமக்குள் செய்தி அனுப்பும் முறை) ஸ்வர எண்ணாக நினைத்து, 'எம்டூஎஃப்' என்ற பொருளின் வழியே ஹெர்ட்ஸாக மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. 69 கொடுத்தால் 440 தரும் பொருள் அதுதான்.

ஸ்தாயிக் கணக்கு என்று தெரிந்தால் வளைவைத் தொடாதீர்கள். எல்லையைக் குறையுங்கள். 220 ஹெர்ட்ஸில் ஒரு சாடூத் அலையை வாசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன் இருபதாவது ஹார்மானிக் (அடிப்படையின் இருபது மடங்கு அதிர்வெண்) 4400 ஹெர்ட்ஸில் இருக்கிறது, ஆனால் அடிப்படை ஸ்வரத்தைவிட 26 டெசிபல் தாழ்ந்து. அதற்கு மேலே திறப்பதற்குப் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. கீழே 220-க்கு அடியில் கட்-ஆஃப் இறங்கினால் ஸ்வரமே மறையத் தொடங்குகிறது. 20 முதல் 220 வரை மட்டும் ஏறக்குறைய மூன்றரை ஸ்தாயி. ஆக, பத்து ஸ்தாயியையும் நேர்மையாகச் சக்கரத்தின் மேல் பரப்பினாலும், முதல் மூன்றில் ஒரு பங்கு மௌனம், கடைசி ஐந்தில் ஒரு பங்கு சலிப்பு. பாடும் பகுதி நடுவில் மட்டுமே. நான் பெரும்பாலும் சக்கரம் ஓய்வில் இருக்கும்போது கட்-ஆஃபை வாசிக்கப்போகும் மிகத் தாழ்ந்த ஸ்வரத்துக்குச் சற்று மேலே வைத்துவிட்டு, சக்கரத்துக்கு நான்கு அல்லது ஐந்து ஸ்தாயிக்கு மேல் கொடுப்பதில்லை. கீ டிராக்கிங் (வாசிக்கும் ஸ்வரத்தோடு கட்-ஆஃபும் ஏறி இறங்கும் வசதி) இருந்தால் இன்னும் குறைவாகவே போதும். மேடையில் பித்தளை வாத்திய ஒலிக்கு மூன்று ஸ்தாயியே தாராளம்.

இனி நண்பர்கள் இருவரின் சண்டை. அவர்கள் ஒரே வளைவைச் சொல்லியிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஒலியளவுக்குப் பயன்படும் பொட்டென்ஷியோமீட்டரைக் கடையில் 'லாக்' என்றுதான் கேட்கிறோம். 'ஏ' என்று குறியிட்ட வகை அது. பாதி திருப்பினால் மொத்த மின்தடையில் பத்து, பதினைந்து விழுக்காடே வரும், பிறகு விரைந்து ஏறும். அதே வடிவத்தைக் கணிதம் தெரிந்தவர் எக்ஸ்பொனென்ஷியல் என்பார். மென்பொருள் நிறுவனங்களும் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கின்றன. பெயரை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் பாருங்கள்: உள்ளீடு பாதியில் இருக்கும்போது வெளியீடு பாதிக்குக் கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா? வர்க்கம் என்றால் பாதியில் 0.25, கனம் என்றால் 0.125, வர்க்கமூலம் என்றால் 0.71. பாதிக்குக் கீழே இருப்பதை மெதுவாகத் தொடங்கும் வளைவு என்றும் மேலே இருப்பதைச் சட்டென்று தொடங்கும் வளைவு என்றும் இங்கே சொல்கிறேன். உங்கள் நோய்க்குறிக்கு வளைவுதான் மருந்து என்றால், அது மெதுவாகத் தொடங்கும் வகை.

வளைவை எங்கே போடுவது என்பது பலர் கவனிக்காத இடம். மிடியில் சாதாரணக் கன்ட்ரோலர் எண்கள் 0 முதல் 127 வரை மட்டுமே. பத்து ஸ்தாயியை 127 படிகளாக வெட்டினால் ஒரு படி 94 சென்ட், கிட்டத்தட்ட ஓர் அரைச்சுரம். ரெசொனன்ஸ் அதிகமாக இருந்தால் சக்கரத்தைத் தள்ளும்போது படிக்கட்டு ஏறுவது காதில் கேட்கும். நல்ல சிந்தசைசர்கள் உள்ளே படிகளை வழவழப்பாக்கிவிடுகின்றன. வசதி இருந்தால் 10 முதல் 30 மில்லிசெகண்ட் வரை தாமதம் கொடுத்து நீங்களே வழவழப்பாக்கலாம். இப்போது விசைப்பலகையிலேயே ஒரு வர்க்க வளைவைப் போட்டு, வெளியே போகும் எண்ணை மறுபடி 127-க்குள் முழு எண்ணாக்கினால் என்ன ஆகும்? 0 முதல் 7 வரையிலான எட்டு எண்களும் சுழியத்தில் விழுந்துவிடும். மேல்முனையில் ஒவ்வொரு படியும் இரண்டு இரண்டாகத் தாண்டும். கீழே நுணுக்கம் கூடியதாகத் தோன்றும், மேலே பாதிப் படிகள் காணாமல் போயிருக்கும். அதனால் விசைப்பலகையை நேர்கோட்டிலேயே விட்டுவிட்டு, வளைவைச் சிந்தசைசருக்குள் போடுங்கள். அங்கே கணக்கு நுண்ணிய தசம எண்களில் நடக்கிறது.

சிந்தசைசருக்குள் எப்படிப் போடுவது என்பது கருவியைப் பொறுத்தது. வைட்டல், சீரம் போன்ற மென்பொருள் சிந்தசைசர்களில் மாடுலேஷன் அட்டவணையின் (எது எதை மாற்றுகிறது என்ற பட்டியல்) ஒவ்வொரு வரியிலும் வளைவை மாற்ற இடம் உண்டு. மாடுலர் கருவி வைத்திருப்பவர்கள் மேக் நாய்ஸ் நிறுவனத்தின் மேத்ஸில் ஏற்ற இறக்கத்தின் வளைவை ஒரே குமிழால் ஒரு வகையிலிருந்து மறு வகைக்குத் திருப்பலாம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த தீர்வு 1984-இல் வந்த ஓபர்ஹைம் எக்ஸ்பேண்டரில் இருந்தது. டிராக்கிங் ஜெனரேட்டர் என்று பெயர். எந்த மாடுலேஷனையும் அதற்குள் செலுத்தலாம். ஐந்து புள்ளிகளில் வெளியீடு எவ்வளவு என்று எண்கள் கொடுத்தால், இடைப்பட்டதை நேர்கோடுகளால் அது இணைத்துவிடும். பின்னால் வந்த மேட்ரிக்ஸ்-6-இல் அந்த ஐந்தும் இயல்பாக 0, 15, 31, 47, 63 என்று நேர்கோட்டில் நிற்கும். அதை 0, 4, 16, 35, 63 என்று மாற்றினால் வர்க்க வளைவு. 0, 0, 16, 40, 63 என்றால் முதல் கால் பங்கு செத்த பகுதி, அதன் பிறகு ஏற்றம். ஐந்தே புள்ளிகள் போதுமா என்று ஐயப்படுவோருக்கு, கையால் நகர்த்தும் எதற்கும் தாராளமாகப் போதும் என்பேன். திரையில் சுட்டெலியால் இருபது வளைவு முனைகள் வைத்து வரைந்து தரப்பட்ட கோப்புகளைத் திருத்தியிருக்கிறேன். அவற்றில் பதினேழு முனைகளை நீக்கினாலும் காதுக்கு வேறுபாடு தெரிவதில்லை.

வளைவு வசதியே இல்லாத கருவியில் ஒரு பழைய தந்திரம் உண்டு. சக்கரம் கட்-ஆஃபை மாற்றும் அந்த அளவையே சக்கரத்தால் கட்டுப்படுத்துங்கள். சக்கரம் பாதியில் இருந்தால் மாடுலேஷன் பாதி, அந்தப் பாதியின் அளவும் பாதி, ஆக கால் பங்கு. வர்க்க வளைவு இலவசமாகக் கிடைத்துவிட்டது. சீரத்தில் துணை மூலம் என்ற பத்தியில் அதே சக்கரத்தை மறுபடி கொடுத்தால் போதும். வால்டார்ஃப் புளோஃபெல்டில் மாடிஃபையர்கள் இரண்டு மூலங்களைப் பெருக்கித் தரும், இரண்டிலும் ஒரே மூலத்தை வைக்கலாம்.

இந்தத் தந்திரத்தை எல்எஃப்ஓவுக்கு (ஒலியை மெதுவாக ஆட்டும் தாழ் அதிர்வெண் அலை) அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். சக்கரம் சுழியத்துக்கு மேல் மட்டும் நகர்கிறது, எல்எஃப்ஓ மேலும் கீழுமாக. கழித்தல் எண்ணை வர்க்கப்படுத்தினால் கூட்டல் எண்ணாகிவிடும். ஒரு சைன் அலையைத் தன்னாலேயே பெருக்கினால், மேல்பாதியில் மட்டும் ஆடும், வேகம் சரியாக இரு மடங்கான அலை வரும். வைப்ரேட்டோ திடீரென்று விரைவாகி, சுருதியும் மேலே ஏறிவிட்டதென்று குழம்பி நிற்பவர்களுக்குக் காரணம் இதுதான். எல்எஃப்ஓவுக்கு வளைவு வேண்டுமானால் கனம் போல, குறியைக் காப்பாற்றும் அடுக்கு வேண்டும்.

வெலாசிட்டி வேறு கதை, அங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். ஒலியளவுக்கு அதை இணைக்கும்போது, நேர்கோட்டில் 64 என்ற தட்டலுக்கு முழு அளவைவிட 6 டெசிபல் குறையும், வர்க்கத்தில் 12 டெசிபல். மிடி வால்யூம், எக்ஸ்பிரஷன் இரண்டுக்கும் ஜெனரல் மிடி வழிகாட்டுதல் பரிந்துரைப்பது இந்த வர்க்க வகையையே. இதுவரை உறுதி. இதில் எது இயல்பாக ஒலிக்கும் என்பதற்கு உறுதியான விடை இல்லை. 10 டெசிபல் கூடினால் ஒலி இரட்டிப்பாகக் கேட்கிறது என்பது பாடநூல் கணக்கு, ஆய்வகச் சராசரி. உங்கள் விரல், விசையின் கனம், சுற்றியுள்ள தபேலாவும் பேஸ் கிட்டாரும் அந்தச் சராசரிக்குள் அடங்குவதில்லை. தனியாக வீட்டில் வாசிக்கும்போது அழகாக இருக்கும் வர்க்க வளைவு, மேடையில் மென்மையான ஸ்வரங்களை முழுவதுமாக விழுங்கிவிடும். மேடைக்கு நான் வெலாசிட்டியின் பங்கை ஒலியளவில் குறைத்து, கட்-ஆஃபில் கூட்டுவேன். பலமாகத் தட்டினால் ஒலி பளிச்சென்று ஆக வேண்டும், காதைத் துளைக்க வேண்டியதில்லை.

வளைவு அடுக்கடுக்காகச் சேரும் ஆபத்து இங்கேதான் பெரிது. விசைப்பலகையில் 'ஹார்டு' அமைப்பு ஒரு வளைவு, சிந்தசைசரின் பொது வெலாசிட்டி அமைப்பு இன்னொன்று, அந்த ஒலிக்குள் அமைத்தது மூன்றாவது. வர்க்கத்தின் மேல் வர்க்கம் நான்காம் அடுக்கு. பாதித் தட்டலுக்கு 24 டெசிபல் காணாமல் போகும். எல்லாவற்றையும் நேர்கோட்டுக்குத் திருப்பிவிட்டு, வழக்கமாக வாசிப்பதைப் பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். பிறகு பதிவில் வெலாசிட்டிக் கம்பிகள் எந்த உயரத்தில் குவிந்திருக்கின்றன என்று பாருங்கள். எடை குறைந்த விசைகளில் அவை நடுவுக்கு மேலே கொத்தாக நிற்பதைத்தான் பெரும்பாலும் காண்பீர்கள். அந்தக் கொத்து வெளியீட்டின் பெரும்பகுதியை நிரப்பும்படி வளைவைச் செங்குத்தாக்குவதே பயனுள்ள வேலை. ஓர் எச்சரிக்கை: வெலாசிட்டி சுழியமாக வரும் நோட்-ஆன் செய்தியை மிடி நோட்-ஆஃப் என்றே எடுத்துக்கொள்ளும். நீங்களே எழுதிய வளைவு கீழ்முனையில் சுழியம் தந்தால் ஸ்வரங்கள் ஒலிக்கவே ஒலிக்காது. கீழ்வரம்பை 1-இல் நிறுத்துங்கள். யமாஹா டிஎக்ஸ்7 வழிவந்த எஃப்எம் கருவிகளில் ஆபரேட்டர் (ஒலியைக் கட்டும் ஒவ்வோர் அலை மூலம்) அளவு 0 முதல் 99 வரை, ஒரு படிக்கு முக்கால் டெசிபல் என்ற கணக்கில் ஏற்கெனவே வளைந்திருக்கிறது. அங்கே வெலாசிட்டிக்கு இன்னொரு வளைவு போடும் முன் இருமுறை யோசியுங்கள்.

என்வலப் (ஒலி காலப்போக்கில் ஏறி இறங்கும் வடிவம்) பற்றி அவர் கேட்கவில்லை, ஆனாலும் ஃபில்டரோடு அது எப்போதும் வரும். கபாசிட்டர் மின்னிறங்கும்போது முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் விழும். டெசிபல் கணக்கில் அது நேர்கோடு, வீணைத் தந்தியை மீட்டிவிட்டால் தேய்வதும் ஏறக்குறைய இப்படித்தான். ஒலியளவை நேர்கோட்டில் இறக்கும் டிஜிட்டல் என்வலப்பில், பாதி நேரத்தில் 6 டெசிபல்தான் குறைந்திருக்கும், பத்தில் ஒன்பது பங்கு நேரம் முடிந்தும் 20 டெசிபல்தான். மிச்சம் முழுவதும் கடைசி நொடியில் கத்தரித்தது போல விழும். மீட்டும் ஒலிகள் போலியாகத் தோன்றினால் டிகே (தேய்வு) வளைவை முதலில் பாருங்கள்.

பிட்ச் பெண்டுக்கு (சுருதியை ஏற்றி இறக்கும் சக்கரம்) வளைவு வேண்டாம் என்பது என் கட்சி. அது 16384 படிகள் கொண்டது, அலகும் ஏற்கெனவே அரைச்சுரம். கமகம் வாசிப்பவர்களில் சிலர் நடுவில் மந்தமான வளைவை விரும்புகிறார்கள், சிறிய கம்பிதத்துக்கு அது உதவுவது உண்மை. ஆனால் ஜாருவில் (ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குச் சறுக்கும்போது) ஸ்வரம் எங்கே நிற்கும் என்று கைக்குத் தெரியாமல் போய்விடுகிறது. வளைவுக்குப் பதிலாக எல்லையை இரண்டு அரைச்சுரத்துக்குக் குறைத்துப் பாருங்கள்.

ஆஃப்டர்டச்சில்தான் நான் சொல்லக்கூடியது குறைவு. உங்கள் விசைப்பலகை எந்த மாதிரி என்று நீங்கள் எழுதவில்லை, இங்கே அதைப் பொறுத்தே எல்லாம் மாறும். 1970-களின் யமாஹா சிஎஸ்-80-இல் ஒவ்வொரு விசைக்கும் தனி அழுத்த அளவு இருந்தது. இன்று பரவலாக இருப்பது எல்லா விசைகளுக்கும் அடியில் ஓடும் ஒரே உணரிப் பட்டை, ஒரே எண். அது பெரும்பாலும் முதலில் அசையாமல் இருந்து பிறகு சட்டென்று பாயும். கீழே பத்து, பதினைந்து எண்களைச் செத்த பகுதியாக விட்டு, மெதுவாகத் தொடங்கும் வளைவைப் போட்டு, ஏற்றத்துக்கு மட்டும் 50 மில்லிசெகண்ட் அளவில் தாமதம் கொடுங்கள். அதன் பிறகும் சுவிட்சு போலவே நடந்துகொண்டால், கருவி அனுப்பும் எண்களை ஒரு மிடி மானிட்டரில் பாருங்கள். மெல்ல அழுத்தும்போது 0-க்கும் 127-க்கும் இடையில் நாலைந்து எண்கள்தான் வருகின்றன என்றால் உணரியின் குறை அது, எந்த வளைவாலும் தீராது. எண்கள் ஒழுங்காக வருகின்றன என்றால், மாதிரியின் பெயரோடு மாடுலேஷன் அட்டவணையின் படத்தையும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.